நீ வரையவைத்த புருவம்

கண்ணு,

நீ சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. வருகிற திங்கட்கிழமை சேலத்து பியூட்டி பார்லரில் எனக்கு இரண்டாம் முறை ஊசி போட நேரம் வாங்கியிருக்கிறாயாம். முதல் பஸ்ஸில் இறங்கி வந்து நாமக்கல்லில் உனக்காக நிற்க வேண்டுமாம். முதல் முறை போட்ட மை அங்கங்கே விட்டுப்போயிருக்கும், கல்யாணத்துக்குள் அதை நிரப்பிவிட வேண்டுமாம். நான் வரமாட்டேன். இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஒரு வரியில் சொன்னால், அம்மாவுக்கு மலை இறங்கினால் வாந்தி வரும், அதற்குப் பயந்துகொண்டு வரமாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். வாந்தி வருவது உண்மைதான். இந்த முறை அது பஸ்ஸால் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து முழுக்க எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இதைக் கவரில் போட்டு ஒட்டவில்லை. மடித்து, உன் சேதியைக் கொண்டுவந்த கண்டக்டர் கையிலேயே கொடுக்கிறேன். அவர் படித்தால் படிக்கட்டும், பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். நம் வீட்டில் ஒட்டி மறைத்தது போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோபம் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இரண்டு பாத்திரம் பறக்கும், நாலு வீட்டுக்குக் கேட்கும், சாயங்காலம் களி கிண்டுவதற்குள் தீர்ந்துபோகும். இது அப்படித் தீரவில்லை. குழம்பில் பல்லி கிடந்ததைப் பார்த்துவிட்ட பிறகு சட்டியை எத்தனை முறை தேய்த்தாலும் அந்தச் சட்டியில் சாப்பிட மனம் வராது அல்லவா, அப்படி இருக்கிறது. முகம் கழுவும்போதெல்லாம் கை நெற்றிக்குப் போகிறது, போனதும் குமட்டுகிறது. உன் அப்பாவுக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலேயே, இன்னும் கொஞ்சம் காரம் போட்டு எழுது என்றார்.

உன் கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து, என் புருவம் டைபாய்டு காய்ச்சலில் உதிர்ந்தது என்று நீ கீழே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது என்ன நோய் என்று உனக்கு நன்றாகத் தெரியும். அப்போது நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். என் கன்னத்தில் தேமல்போல் ஒன்று வந்தது, காது மடல் தடித்தது, பிறகு புருவம் ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்தது. மலைக்கு வந்துபோகும் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இறகால் முகத்தில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். இடது புருவத்தின் மேல் தொட்டதை என்னால் காட்ட முடியவில்லை. தொழுநோய் என்றார். அட்டை அட்டையாக மாத்திரை கொடுத்தார். தின்றால் சிறுநீர் சிவந்தது, உடம்பு கருத்தது. நீ என்னைப் பார்த்து, அம்மா வெயிலில் காய்ந்துவிட்டாய் என்று சொன்னாய். உன் அப்பா அந்த மாத்திரை அட்டையை ஒளித்துவைக்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி வாசலுக்கு நேரே கூரைக் கழியில் செருகிவைத்தார். மருந்துதானே, கஞ்சாவா ஒளித்துவைக்க என்று கேட்டார்.

அதற்காக அவரைப் பெரிய மகானாக நினைத்துக்கொள்ளாதே. நோய் என்று தெரிந்த அன்று அவரும் பயந்தார். ஆனால் பயத்தைச் சொல்லிவிட்டுத்தான் பாயைத் தள்ளிப் போட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் தள்ளிப் படுத்துக்கொள்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அழுதேன். அவரும் அழுதார். பிறகு ஒரு மழை நாளில் ஒன்றும் சொல்லாமல் பாயை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா என்ன புத்தி சொல்வாள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உடம்பு என்று இருந்தால் நோவு வரும். உனக்கும் வரும், உன்னைக் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கும் வரும். வந்தால் பயப்படு, தப்பில்லை. அந்தப் பயத்தை அவளிடமே சொல். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஊர் முகத்தைப் பார்க்காதே.

ஊரும் நல்ல ஊர் என்று சொல்ல மாட்டேன். ஊற்றில் எல்லோரும் தண்ணீர் எடுத்துப் போன பிறகுதான் நான் குடத்தை வைக்க வேண்டும் என்று நிற்கவைத்தார்கள். ஆனால் மருந்து முடிந்து, அந்தச் சுகாதாரத் துறைக்காரர் நாலு பேர் முன்னால் நோய் தீர்ந்துவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று சொன்னதும், நம் பங்காளிகள் கோயிலில் பூசை செய்யும் உன் பெரியப்பா அந்த வருடப் பொங்கலுக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நான் தயங்கி ஓரமாக நின்றேன். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தீந்த நோவ என்னத்துக்குப் புள்ள சொமந்துக்கிட்டு நிக்கற? பானையத் தூக்கு” என்றார். அன்றிலிருந்து இந்த மலையில் என் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்டதில்லை. புருவம் முளைக்கவில்லை, அதனால் என்ன? வியர்வை கண்ணுக்குள் இறங்கும், தலையில் துண்டு கட்டிக்கொள்வேன், அவ்வளவுதான் தொல்லை. நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒருமுறை அடுப்புக்கரியை எடுத்து எனக்குப் புருவம் வரைந்தாய். ஒன்று கம்பளிப் பூச்சி மாதிரி, ஒன்று வாழைப்பழம் மாதிரி. மூன்று பேரும் சிரித்தோம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நான் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போனேன்.

அந்தப் பிள்ளைதான் இன்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு, தோல் பையைத் தூக்கிக்கொண்டு, டாக்டர்கள் வாசலில் காத்திருந்து, இந்த மாத்திரை இந்த நோயைத் தீர்க்கும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாய். நல்ல வேலை. நான் பெருமைப்பட்டேன், ஊரில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஆனால் மாத்திரையில் தீர்ந்த உன் அம்மாவின் நோயைச் சொல்ல உன் வாய் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

கோமதி வீட்டார் நம் சனம்தான். இதே மலையில் குண்டனி நாட்டிலிருந்து அவள் அப்பா காலத்தில் கீழே இறங்கி, சேந்தமங்கலத்துப் பக்கம் நிலம் வாங்கித் தங்கியவர்கள். பெண் பார்க்கப் போன அன்று, காபி கொண்டுவந்த கோமதியைவிட என்னைத்தான் எல்லோரும் அதிகம் பார்த்தார்கள். அவளுடைய அத்தை நேராகவே, “ஏனுங்க, புருவத்துக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டாள். கேட்டது தப்பே இல்லை. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் மாட்டைப் பார்ப்பதுபோல் பல்லைப் பிடித்தா பார்த்தார்கள்? வாயால் கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு டைபாய்டு கதையைச் சொல்லி முடித்துவிட்டாய். அந்த அத்தை என் முகத்தையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது, உனக்கும் தெரிந்தது. அதனால்தான் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து, சேலத்தில் ஒரு ட்ரீட்மென்ட் இருக்கிறது, முடி முளைக்கவைப்பார்கள், வாம்மா என்று கூப்பிட்டாய். முடி முளைக்கும் என்றுதான் நீ சொன்னாய். இல்லை என்று சொல்லாதே, அப்பாவும் கேட்டார்.

நான் வந்தேன். கொண்டை ஊசி வளைவு முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தேன். ராசிபுரம் தாண்டி ஜவ்வரிசி ஆலைக் கழிவு நாறியபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாய், அதை மறக்கவில்லை. பார்லருக்குள் நுழைந்ததும் ஏசிக் குளிரும், கருகிய முடி நாற்றமும், அதன் மேல் தெளித்த ரோஜா வாசனையும் ஒன்றாக வந்து அடித்தன. வெள்ளைக் கோட்டு போட்ட அந்த அழகுக்கலைப் பெண் பம்பாயில் படித்து வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வேலையில் கெட்டிக்காரி. நூலைப் பிடித்து என் மூக்கிலிருந்து கண் முனைக்கும் கண் முனையிலிருந்து நெற்றிக்கும் அளந்து, பென்சிலால் குறித்து, கண்ணாடியைக் காட்டி, சரியா என்று கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தோல் வியாதி ஏதாவது வந்ததுண்டா என்றும் கேட்டாள். சோபாவில் உட்கார்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த நீ, “ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றாய். முடி எப்போது முளைக்கும் என்று நான் அவளைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். முடி முளைக்காது, ஊசியில் மையைத் தொட்டு முடி மாதிரி கோடு போடுவோம், இரண்டு மூன்று வருடத்தில் தானாக மங்கிவிடும் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து வந்திருக்கலாம். அத்தனை பெண்கள் நடுவில் உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை, படுத்துக்கொண்டேன்.

மரத்துப்போவதற்கு ஏதோ க்ரீம் தடவினாள். அப்படியும் வலது புருவத்தில் மெஷின் ஊசி இறங்கியபோது உயிர் போயிற்று. கண்ணீர் காதுக்குள் ஓடியது. அவள் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் குத்தினாள். பஞ்சில் ரத்தமும் மையும் கலந்து வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு இடது பக்கம் வந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷின் சத்தம் கேட்கிறது, அவள் கை அழுத்துகிறது, வலி மட்டும் இல்லை. வலிக்கவில்லையா என்று கேட்டாள், இல்லை என்றேன். அந்தப் பக்கம் அவ்வளவு அழுதீர்களே என்றாள். மெஷின் நின்றது. அவள் என் காது மடலைப் பார்த்தாள், கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். உள்ளே போய், போட்டிருந்த கையுறைக்கு மேல் இன்னொரு ஜோடி கையுறையும் மூக்குக்குத் துணியும் போட்டுக்கொண்டு வந்தாள். மீதியை அவசர அவசரமாக முடித்தாள். என் தலைக்கடியில் இருந்த துண்டை இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். நான் செருப்பை மாட்டுவதற்குள் நான் படுத்திருந்த நாற்காலியில் மருந்து தெளிக்கும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் கேட்டாள், நீ பொய் சொன்னாய். என் ரத்தத்தில் கை வைத்தவளுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் பாத்தியதை உண்டு. நோய் வந்தது, மருந்து தின்றேன், தீர்ந்துவிட்டது, ஒட்டாது என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஒரு ஜோடி கையுறையோடு நிம்மதியாக வேலையை முடித்திருப்பாள். நோயே இல்லை என்று நீ சொன்ன பிறகு, தீர்ந்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வது? உன் பொய் என்னைத் திரும்ப நோயாளி ஆக்கிவிட்டது. தீர்ந்த நோயை மறைத்தால் அது தீராத நோய் ஆகிவிடுகிறது, கண்ணு. ஊற்றடியில் தள்ளி நின்ற நாட்களில்கூட என்னைப் பார்த்து எனக்கே இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி சொன்னவள் ஆவேன். கிளம்பும்போது அங்கிருந்த பெரிய கண்ணாடியில் பார்த்தேன். வீங்கிச் சிவந்திருந்தாலும் இரண்டு புருவத்தோடு ஒருத்தி நின்றாள். மூக்கும் முழியுமாக இருந்தாள். ஒரு கணம் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நடந்த பிறகும், உன் பொய்யையும் அந்தப் பெண்ணின் இரட்டைக் கையுறையையும் பார்த்த பிறகும், பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது.

பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, நாமக்கல்லிலேயே இறங்கிக்கொண்டாய். மறுநாள் மஞ்சள் நீர் கசிந்தது. பொருக்குத் தட்டியது. அரிக்கும், சொறியக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அரித்தது வலது பக்கம் மட்டும்தான். ஒரு நாள் களியைப் பிசைந்துகொண்டிருந்தபோது கருப்பாக ஒன்று தட்டில் விழுந்தது. ஈ என்று நினைத்து எடுத்தேன், புருவத்துப் பொருக்கு. அந்தத் தட்டை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். எல்லாம் உதிர்ந்த பிறகு கருப்பு போய்ச் சாம்பலும் பச்சையுமாக ஒரு நிறம் நின்றது. அவசரத்தில் போட்ட இடது பக்கம் தாழ்ந்துவிட்டது, வலது மட்டும் உயர்ந்து நிற்கிறது. யார் எதைச் சொன்னாலும் நம்பாதவள்போல ஒரு முகம் எனக்கு வந்துவிட்டது. மேலக்காட்டுக்காரி வந்து அவள் மாடு கன்று போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, ஏனக்கா அப்படிப் பார்க்கிறீர்கள், சத்தியமாகக் காளைக்கன்றுதான் என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான்.

உன் கல்யாணப் பொங்கலுக்கு நாள் குறிக்க உன் பெரியப்பா வந்தார். மாப்பிள்ளையைப் பெற்றவள்தான் புதுப்பானை ஏற்ற வேண்டும், அந்தப் பொங்கல் பொங்கின பிறகுதான் மாப்பிள்ளைக்கு மாலை என்பது உனக்குத் தெரியும். அவர் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பச் சொல்லிப் பார்த்தார். கழுவினால் போகுமா என்று கேட்டார். போகாதுங்க மாமா என்றேன். ஊசி பட்டதா என்று கேட்டார். பட்டது என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நம் வகையறாவில் பச்சை குத்திக்கொண்டவர்கள் சாமிப் பானையைத் தொடுவதில்லை என்பது உனக்கும் எனக்கும் மறந்துபோயிற்றே, கண்ணு. பார்லரில் யாரும் அதைப் பச்சை என்று சொல்லவில்லை, எனக்கும் அப்போது உறைக்கவில்லை. இது மங்கிப்போகிற மை, இரண்டு மூன்று வருடம்தான் என்று நான் அந்தப் பெண் சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். அவர் சத்தம் போடவில்லை. “நோவு சாமி குடுத்தது, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? இது நாமளாக் குத்திக்கிட்டது புள்ள. மங்கினப்புறம் வெய்யி, யாரு வேண்டாங்கறா” என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போனார். அந்த வழக்கம் சரியா தப்பா என்று நான் வாதாடப் போவதில்லை. பெருநோய் வந்தவளைக் கூப்பிட்டுப் பானையைத் தூக்கச் சொன்ன அதே கோயில் இது. நோய் என்னிடமிருந்து பறிக்காததை நீ பறித்துவிட்டாய், அதுவும் உன்னுடைய கல்யாணத்திலேயே.

மறுநாள் செம்மேட்டு டெலிபோன் பூத்துக்குப் போய் உனக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். நீ டாக்டர் யாருக்கோ காத்திருந்தாய் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் வார்த்தை உன் கண்ணில் படட்டும். “யாரு வெச்சாப் பொங்காதாம்மா? சித்திய வெக்கச் சொல்லு. போட்டோவுல உன்ற மொகம் நல்லா விழோணும், அதான் முக்கியம்.” நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். சீ என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை என்று விழுங்கிக்கொண்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

பூத்திலிருந்து வெளியே வந்தபோது கீழே போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் அதில் ஏறினேன். எலுமிச்சம்பழம்கூடக் கையில் இல்லை. சேந்தமங்கலத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போனேன். ஆமாம், நான் போனேன். உன்னிடம் கேட்டுவிட்டுப் போகவில்லை. அவள் அப்பா அம்மா கடலைக்காட்டில் இருந்தார்கள், அவள் மட்டும் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் தனியாக வந்து நின்றால் எந்தப் பெண்ணும் பயப்படுவாள், அவளும் பயந்தாள். மோர் கொடுத்தாள். பாதி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வந்தது என்ன நோய், எத்தனை காலம் மருந்து தின்றேன், எப்படித் தீர்ந்தது, இந்தப் புருவம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எல்லாம்.

அவளை நல்லவளாகக் காட்டுவதற்காக நான் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன். நோயின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. நான் குடித்த டம்ளரைப் பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் கால் பின்னுக்குப் போனது. எனக்கு அது பழக்கம்தான், வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் மகனுக்கும் வந்ததா என்று கேட்டாள். இல்லை, அப்போதே உன்னையும் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டாள். பரம்பரையாக வருகிற நோய் இல்லை, வேண்டுமென்றால் எந்த டாக்டரிடமும் போய்க் கேட்டுக்கொள் என்றேன். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது. கடைசியில் அந்த டம்ளரை எடுத்து மீதி மோர் அப்படியே இருக்கிறதே, குடியுங்கள் என்று என் கையில் கொடுத்தாள். விளிம்பைத் தொட்டும் தொடாமலும்தான் பிடித்திருந்தாள், ஆனாலும் கொடுத்தாள். பயந்துகொண்டே கொடுத்தது எனக்குப் போதும்.

அப்புறம் என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்ததா என்று கேட்டாள். ஒரு பக்கம் என்றேன். அவருக்குத் தெரிந்தேதான் கூட்டிப்போனாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ சோபாவில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். உனக்காகப் பரிந்து இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் நீ செய்தாய் என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

“நோவுக்கு நான் பயப்படலீங்க அத்தே. பயந்தேன், கேட்டேன், போயிருச்சு. நாளைக்கு எனக்கொரு நோவு வந்தா, அவரு எம் மேல எத வரஞ்சு மறைப்பாருங்க?”

உன்னைப் பெற்று, சாமைக் கஞ்சி ஊட்டி வளர்த்தவள் நான். என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி உன்னுடையது. திங்கட்கிழமை எனக்காக லீவு போட்டிருப்பாய் அல்லவா, அந்த நாளில் சேந்தமங்கலம் போ. அவளுடைய அத்தையையும் அப்பா அம்மாவையும் உட்காரவைத்து, டைபாய்டு இல்லை என்று முதலில் சொல். நோயின் பெயரை உன் வாயால் சொல். பிறகு கோமதிக்குப் பதில் சொல். அழகாகப் பேசாதே. டாக்டர்களிடம் பேசுகிற பேச்சை அவளிடம் கொண்டுபோகாதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்.

உன் பதில் அவளுக்கு ஒப்பவில்லை என்றால், கல்யாணம் வேண்டாம் என்று அவள் வாயால் சொல்லவிடாதே. நிச்சயமான பிறகு வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நம் சனம் என்னவெல்லாம் பேசும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்படி ஆனால் நானே போய் நிறுத்திவிடுவேன். மாப்பிள்ளையின் அம்மா நிறுத்தினாள், அவளுக்குத் திமிர் என்று பேசட்டும். பேச்சு என் மேல் வரட்டும், அவள் மேல் ஒரு சொல் படக் கூடாது. இதை அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதற்குத்தான் அந்தப் பெண் அழுதாள்.

அம்மா